விளம்பரத்தை ஒழித்தவர்

ஐடி கம்பெனியில் அவர் பார்ப்பது சம்பளப் பட்டியல் மென்பொருளாக இருக்கலாம். வீட்டில் அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. கம்ப்யூட்டர் படித்தவர், ஆகவே வைஃபை அவர் பொறுப்பு. மச்சினிச்சி வீட்டு பிரிண்டர், எதிர் ஃபிளாட் தாத்தாவின் ஸ்மார்ட் டிவி, மாமனார் மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் அதே இலாகாவில்தான் வரும். ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதைத் தவிர இவருக்கு ஒன்றும் தெரியாது என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் நியாயம் இல்லை என்பது என் கட்சி. அது மட்டும் தெரிந்திருந்த காலத்தில் அவர் மரியாதையோடு வாழ்ந்தார். கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொண்டு விளம்பரத்தைத் தடுக்கப் புறப்பட்ட அன்றுதான் அவருக்குச் சனி பிடித்தது.

ஆஃப்-ஆன் வைத்தியத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும் ரவுட்டருக்கு அதனால் நினைவகம் காலியாகிறது, நெட் கம்பெனியோடு தொடர்பு புதிதாக ஏற்படுகிறது, பல ரவுட்டர்கள் நெரிசல் குறைந்த சேனலையும் தேடிக்கொள்கின்றன. நெட் வந்துவிட்டால் புகழ் அவருக்கு. வராவிட்டாலும் பழி அவருக்கு இல்லை, ஏனென்றால் குற்றவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. கம்பத்தில் கேபிளை உரசும் வேப்பங்கிளை, வயரைக் கடித்த எலி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் அதே அலைவரிசையில் இரையும் மைக்ரோவேவ் அடுப்பு, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் பக்கத்து ஃபிளாட் ரவுட்டர் என்று யாரையும் கை காட்டலாம். இது வெறும் சாக்கும் அல்ல. வேல்ஸ் நாட்டில் அபெர்ஹோசன் என்றொரு கிராமம். பதினெட்டு மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு ஊருக்கே பிராட்பேண்ட் படுத்தது. கேபிளை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலை அளக்கும் கருவியோடு விடிகாலை மழையில் தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டுக்காரர் ஏழு மணிக்குப் போடும் பழைய டிவி கிளப்பிய மின்இரைச்சல்தான் காரணம். 2020-ல் செய்தி வெளியானது. ஊரே இருட்டில் தடுமாறும் துறையில், நம்மவர் மோவாயைத் தடவிக்கொண்டு “லைன்ல ஏதோ பிரச்சனை” என்றால் அது பொய்யே அல்ல.

இந்தச் சொர்க்கத்தைத்தான் அவர் தன் கையாலேயே கலைக்கிறார். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றை வாங்கி, அதில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறார். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983-ல் உருவான ஏற்பாடு. இனி வீட்டில் எந்த போன் எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் இந்தப் பெட்டியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டது விளம்பரக் கம்பெனியின் பெயர் என்றால், பெட்டி 0.0.0.0 என்று எங்கும் போய்ச் சேராத ஒரு விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிடும். எத்தனை கேள்வி வந்தது, எத்தனை விரட்டப்பட்டது என்று வரைபடம் வேறு. வந்த விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் அதைக் காட்டுகிறார். அவர் கவனிக்கத் தவறியது ஒன்றுதான்: எலி, வேப்பங்கிளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அந்த நிமிடமே விடுதலையாகிவிட்டார்கள். வீட்டின் ஒவ்வொரு கேள்வியும் அவர் பெட்டி வழியாகப் போகிறது; ஆகவே எது நின்றாலும் அவர்தான் நிறுத்தினார்.

நிற்கவும் செய்கிறது. வீட்டில் எல்லாரும் பார்ப்பது யூடியூப். அதில் விளம்பரமும் வீடியோவும் ஒரே சர்வர்களிலிருந்து வருவதால் பெட்டியால் பிரிக்க முடியாது. ஒழிக்கச் சொன்ன விளம்பரம் அப்படியே இருக்கிறது. ஒழியக் கூடாதது ஒழிகிறது: தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் குக்கர் படத்தைத் தொட்டால் திறப்பதில்லை, கடை அனுப்பிய ஆடித் தள்ளுபடி மெயிலில் சேலையைத் தொட்டாலும் அதே கதி. யார் எதைத் தொட்டார்கள் என்று வேவு பார்க்கும் முகவரி வழியாக அந்த இணைப்புகள் போகின்றன என்று அவர் விளக்குகிறார். “எனக்கு வேவு பத்தியெல்லாம் வேண்டாங்க, சேலை வேணும்” என்பது வீட்டுத் தரப்பு வாதம். ஓயாமல் எழுதி எழுதிப் பெட்டியின் மெமரி கார்டு உயிரை விடும் நாளில் வீடு மொத்தமும் இருண்டுபோகும். அப்போது அவர் லேப்டாப்பில் 8.8.8.8 என்ற எண் முகவரிக்கு பிங் அனுப்பி, பதில் வருவதைக் காட்டி, “நெட் இருக்கு, டிஎன்எஸ்தான் இல்ல” என்கிறார். தொழில்நுட்பப்படி அப்பழுக்கில்லாத உண்மை. ஆனால் ஆன்லைன் வகுப்பில் பாதியில் அறுந்த பிள்ளையிடம் சொல்லக்கூடிய உண்மையா அது?

பிரவுசரில் ஒரு தடுப்பானைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று கேட்கலாம். போனில் உள்ள செயலிகளுக்கும் டிவியின் முகப்புப் பக்கத்துக்கும் அது எட்டாது. இரண்டாவதாக வேறொரு டிஎன்எஸ் முகவரியையும் கொடுத்து வைக்கலாமே என்றால், பல கருவிகள் முதலாவது உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதிடம் போய்க் கேட்கும். விளம்பரம் கொல்லை வழியாக உள்ளே வந்துவிடும். எல்லாமே வீண் ஜம்பம் என்பதையும் நான் ஒப்பவில்லை. தேடல் விளம்பரங்களில் போலித் தளங்கள் ஒளிந்திருப்பதால் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் மக்களை எச்சரித்திருக்கிறது. விளம்பரத்தில்தானே இலவசத் தளங்கள் பிழைக்கின்றன என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் சரியான பதில் இல்லை. பிடித்த இரண்டு தளங்களுக்கு விலக்கு அளித்திருப்பதாகச் சொல்லிப் பேச்சை மாற்றுவார். ஆக, பெட்டி நல்லது, காரணம் நல்லது, வைத்தவரும் நல்லவர். சிக்கல் இதுதான்: அது ஒழுங்காக வேலை செய்யும்போது காட்ட எதுவும் இருப்பதில்லை, வராத விளம்பரத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? இப்போதெல்லாம் அவர் வெளியூர் போனால் ராத்திரி போன் வருகிறது: “என்னங்க, தெரு முழுக்க கரண்ட் போயிடுச்சு. உங்க பெட்டிய என்ன பண்ணித் தொலைச்சீங்க?”