செத்த நேரத்தைச் சொல்லு, பேராண்டி

வாடா பேராண்டி. அந்தக் கண்ணாடிப் பெட்டிய திண்ணையில மெதுவா வை. யப்பா, வீராம்பட்டினத்துத் தேருக்குக் கூட இவ்ளோ கலர் லைட்டு கட்ட மாட்டாங்க.

விளையாடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சு, தானா எழுந்து உக்காந்துக்குதுன்ற. கடைக்காரன் கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னுட்டானா? சொல்லாம என்ன பண்ணுவான்? கார்டு வித்தா அவன் வீட்டுல அன்னிக்குக் கறிக்கொழம்பு. ஒயரு லூசுன்னு சொன்னா டீக்காசு கூடத் தேறாதே.

காலம் பூரா ஒயர்மேன் வேலை பாத்த கெழவன் கேக்கறேன், எப்ப செத்துதுன்னு சொல்லு. என்னா ஆச்சுன்னு ஊரே சொல்லும், எப்ப ஆச்சுன்னு எவனும் பாத்து வெக்கறதில்ல. நம்ம புதுச்சேரி எஞ்சினியரிங் காலேஜ் 2020ல யுனிவர்சிட்டியே ஆயிடுச்சு. அங்க படிக்கற பசங்களும் ரூமுல இருந்து பெட்டியத் தூக்கிக்கிட்டு என் திண்ணைக்குத்தான் வராங்க. அவங்ககிட்டயும் இதே கேள்விதான், அவங்களும் இதே முழிதான்.

சண்டை சூடு புடிக்கற நேரம் பாத்து டப்புனு போவுதா? அப்ப கார்டை உட்டுட்டு, பெட்டிக்குக் கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸப் பாரு. கார்டுக்குக் கொட்டின காசுல எவ்ளோடா எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் குடுத்த? "கேபினெட்டோடயே வந்துது தாத்தா"வா! மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சோறு ஆக்கறவனுக்குச் சில்லறை. இந்தக் காலத்துக் கார்டு கண்ணு சிமிட்டற நேரத்துக்குள்ள எழுதியிருக்கறதுக்கு மேலயே கரண்ட இழுத்துட்டு அடங்கிடும். 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 கணக்குல, பெரிய எஸ்எம்பிஎஸ்ஸுன்னா தன் அளவுக்கு ரெண்டு மடங்க 100 மைக்ரோ செகண்டாவது தாங்கணும்னே எழுதி வெச்சுட்டாங்க. உன் ஓசி டப்பா அந்த இழுப்பப் பாத்து ஷார்ட்டுன்னு நெனச்சு மூடிக்குது. மேல 80 ப்ளஸ்னு ஸ்டிக்கர் இருக்குன்னு காட்டாத. அது கரண்ட எவ்ளோ வீணாக்காம தருதுன்றதுக்குக் குடுத்த சர்டிபிகேட்டு. தாங்குமான்னு அது சொல்லாது.

விளையாட ஆரம்பிச்சு அரை மணி, ஒரு மணி கழிச்சுப் போனா சூடு. மூடியக் கழட்டி ஹீட் சிங்க்கப் பாரு. நம்ம ஊருல வெறும் தூசி கெடையாது, உப்புக்காத்துல நனைஞ்ச தூசி. ஃபேன் றெக்கையில அப்பிக்கிட்டு வராது. ப்ரஷ்ஷால தட்டி, ப்ராசஸர் மேல பேஸ்ட்டு காஞ்சிருந்தா தொடைச்சுட்டுப் புதுசா வை. ரேமையும் உருவி, அந்தத் தங்கக் கால ரப்பரால லேசாத் தேய்ச்சு மாட்டு. காசு கேக்காத வைத்தியம்ன்றதாலதான் உனக்கு நம்பிக்கை வரல.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது மட்டும் போவுதா? இன்வெர்ட்டர்ல யுபிஎஸ்னு ஒரு பக்கமும் வேற பேரு ஒரு பக்கமும் போட்டு ஒரு ஸ்விட்ச்சு இருக்கும். அத யுபிஎஸ் பக்கம் தள்ளு. கரண்ட் அறுந்தா எஸ்எம்பிஎஸ்ஸு 16, 17 மில்லி செகண்டுதான் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள இன்வெர்ட்டர் கை குடுக்கணும். தனியா யுபிஎஸ் வெச்சிருக்கியா? 600 விஏன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், கூடவே பொடி எழுத்துல 360 வாட்டுன்னு இருக்கும். நீ படிக்க வேண்டியது பொடி எழுத்த.

அம்மா மிக்ஸி போடும்போதா? தெரியும்டா, அவளத்தான் திட்டுவன்னு. சுவிட்ச்ச அணைச்சுட்டு பிளக்க ஆட்டிப் பாரு. இதோ, நீ கொண்டாந்த பிளக்கோட நடு முள்ள உட்டுட்டு மத்த ரெண்டு முள்ளையும் பாரு, அடிப்பக்கம் கருப்பா இருக்கா? மோந்து பாரு, கருகின பிளாஸ்டிக் வாசன வருதா? சாக்கெட்டு உள்ள கவ்வறது தளந்துபோய் உள்ளுக்குள்ளயே பொறி பறக்குது. மூணு பிளக்க ஒரு மல்ட்டி பிளக்குல சொருகி அதுக்கு மேல இன்னொன்னு. கோபுரமாடா கட்டற? எர்த் இல்லன்னா ஷாக்குதான் அடிக்கும், அதால மெஷின் அணைஞ்சு அணைஞ்சு எழுந்துக்காது. நியூட்ரல் லூஸாச்சுன்னாத்தான் வீட்டுல லைட்டும் மினுக்கும், உன் பெட்டியும் செத்துப் பொழைக்கும். அதுக்கு ஒயர்மேனக் கூப்புடு, நீயா போர்டத் தொறக்காத.

புயல் அடிச்ச ராத்திரி வேற கணக்கு. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் கரை தொட்டப்போ புதுச்சேரியில ஒரு நாள்ல 46 செ.மீ.க்கு மேல மழை. கரண்ட் திரும்ப வந்த ஒடனே எல்லாத்தையும் ஆன் பண்ணணும்னு ஓடுவாங்க. கொஞ்ச நேரம் வோல்டேஜ் தாளம் போடும், உள்ள ஈரமும் இருக்கும். பிளக்க உருவி வெச்சுட்டுப் பொறுத்துப் போடு.

கோளாறு எங்க தெரியுதோ அங்கயே காரணமும் இருக்கும்னு நெனைக்காத. நம்ம கரையப் பாரு. 1980கள் கடைசியில தெக்க துறைமுகத்துல கல்ல கொட்டுனான், வடக்க வர்ற மணல் நின்னுபோச்சு, நம்ம பக்கம் கடல் வீட்டத் தின்னுது. வந்து பாத்தவன்லாம் இங்க நின்னுக்கிட்டு கடலத்தான் வைஞ்சுட்டுப் போறான்.

எப்ப செத்துதுன்னு மெஷினே எழுதி வெச்சிருக்கும், ஈவென்ட் வியூவர்னு ஒன்னு இருக்கு, படி. கெர்னல் பவர் 41னு வந்தா பயப்படாத. ஒழுங்கா அணையாமப் போச்சுன்னு மட்டும் சொல்லும், ஏன்னு சொல்லாது. அதுல பக்செக் கோடு சைபரா இருந்தா கரண்ட் அறுந்திருக்க நெறைய வாய்ப்பு. நம்பர் இருந்தா நீலத்திரை வந்திருக்கு. தானா ரீஸ்டார்ட் ஆவற டிக்க எடுத்துட்டா அந்தத் திரை நின்னு முகத்தக் காட்டும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பா? அதுல சிலதுக்கு வோல்டேஜே தப்பாப் போயி சிப்பு கெட்டுது. 2024ல கம்பெனியே ஒத்துக்கிட்டு பயாஸ் அப்டேட்டும் விட்டு, வாரண்டியும் ரெண்டு வருஷம் கூட்டுச்சு. அப்டேட்டு இனிமேக் கெடாமத் தடுக்கும், கெட்டுப்போனத திருப்பாது.

ஒவ்வொன்னா மாத்து. ஒரே ராத்திரியில நாலையும் மாத்தினா எது குணமாச்சுன்னு உனக்கே தெரியாது, கடைக்காரனுக்குத்தான் தெரியும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் பிரிக்காத. பிளக்க உருவினாலும் உள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் வெச்சுக்கிட்டு குந்தியிருக்கும்.

இதெல்லாம் பண்ணியும் அடங்கலன்னா, முன்பக்கத்து ரீசெட் பட்டன் ஒயர மதர்போர்டுல இருந்து கழட்டிட்டு ஒரு நாள் ஓட்டு. உப்புக்காத்துல துரு புடிச்சு தானாவே ஒட்டிக்கிட்டிருக்கும். அதுவும் இல்லன்னா, நீ ஜெயிக்கற நேரத்துல உன் தங்கச்சி கால் கட்டைவெரல் மேசைக்கு அடியில எங்க இருக்குன்னு பாரு.