டெலிபோன் சார்

சென்னைப் புறநகரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு டெலிபோன் சார் இருப்பார். பிள்ளை வெளிநாட்டில். இவரும் மனைவியும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில். டிவிக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு அதற்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போடப்படும். அதன் பிறகு அந்த மாடியில் வேறு யாரும் நிம்மதியாக நியூஸ் பார்க்க முடியாது.

"கேக்குதா? எனக்குக் கேக்குது. உனக்குக் கேக்குதா? மூஞ்சி தெரியுதா?"

தெரியாது. அவர் போனைப் பிடிக்கிற லட்சணத்தில் மறுமுனையில் தெரிவது முன்நெற்றியும் மின்விசிறியும்தான். அப்பாவின் மோவாயை மகன் கடைசியாகப் பார்த்தது போன தடவை ஊருக்கு வந்தபோது. பேரன் வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டுவான். மருமகள் திரையின் ஓரமாக நடந்தபடியே "ஹாய் மாமா" சொல்லிவிட்டு மறைவாள். "அங்க என்ன குளிரு?" என்று இவர் கேட்க, பதில் ஃபாரன்ஹீட்டில் வரும். அதைச் செல்சியசாக்கி மனைவியிடம் அறிவிப்பதற்குள் மகனுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிடும். பேச்சு இவ்வளவுதான். ஆனால் இது நடக்காத நாள், நாளாகவே கணக்கில் வராது.

எல்லா டெலிபோன் சார்களும் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர்கள் இல்லை. எங்கள் குடியிருப்பு இரண்டாம் மாடிக்காரர் நிஜமாகவே பார்த்தவர். ஆபரேட்டராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 2000 அக்டோபரில் அது பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் இன்றுவரை அவருக்கு அது 'டிபார்ட்மென்ட்'தான். டிரங்க் கால் புக் செய்துவிட்டு சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த சந்தாதாரர்களை அறிந்தவர். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால்களில் மூன்று வகுப்பு உண்டு என்பதையும், ஆர்டினரிக்காரன் பொறுமை இழந்து அர்ஜென்ட்டுக்கு மாறும் நிமிஷத்தையும் அவரால் துல்லியமாகச் சொல்ல முடியும். தூரம் கூடக் கூடக் குரலை உயர்த்த வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பாடம். திருச்சிக்கு ஒரு சுருதி, டெல்லிக்கு ஒரு சுருதி, சான் ஓசேவுக்கு ஒரு சுருதி. மகன் அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி தெளிவாகக் கேட்டாலும், இவர் அமெரிக்காவின் தூரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துத்தான் பேசுவார்.

அவருடைய உத்தியோக வாழ்வின் பொற்காலம் 198. போன் செத்துப்போனால் புகார் கொடுக்கும் எண். அந்த முனையில் உட்கார்ந்து அவர் ஆயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "ஃபால்ட் எழுதிக்கிட்டேன். லைன்மேன் வருவார்." எப்போது வருவார் என்பது வேறு விஷயம். ஆனால் வருவதற்கென்று ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு ஒரு சைக்கிள், தோளில் ஒரு பை, அதில் ஒரு டெஸ்ட் போன். கம்பத்தில் ஏறி அவர் "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்வதைத் தெருவே அண்ணாந்து பார்க்கும். திட்டலாம், காபி கொடுக்கலாம், தீபாவளிக்கு இனாம் கொடுத்து அடுத்த வருஷத்துக்குச் சரிக்கட்டி வைக்கலாம். எந்த ஃபால்ட்டாக இருந்தாலும் ஓர் ஆள் நேரில் போனால்தான் சரியாகும் என்பது நம்மவரின் அசைக்க முடியாத சித்தாந்தம்.

இன்டர்நெட் கால் வந்து அவரைப் படுத்துவது இங்கேதான். காசு கிடையாது, சரி. முகம் தெரிகிறது, அதுவும் சரி. நின்றுபோனால் யாரைத் திட்டுவது?

முதல் அடி ஸ்கைப்பில் விழுந்தது. மகன் எம்.எஸ். படிக்கப் போன சமயம், 2007 ஆகஸ்ட் 16 அன்று ஸ்கைப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்க இரண்டு நாள் ஆயிற்று. காரணத்தை மகன் பிறகு விளக்கினான். விண்டோஸ் அப்டேட் வந்து உலகம் பூராவும் கம்ப்யூட்டர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அணைந்து எழுந்தன. எழுந்ததும் எல்லாம் ஒரே மூச்சாக ஸ்கைப்புக்குள் நுழையப் பார்த்தன. ஸ்கைப்புக்கோ சொந்தமாகப் பெரிய எக்ஸ்சேஞ்ச் கிடையாது. வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களிலேயே வசதியானவற்றைப் பிடித்து வேலை வாங்கிக்கொண்டிருந்தது. அவையும் அணைந்து போனதால் வழிகாட்ட ஆளில்லை.

நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ சந்தாதாரர் வீட்டுலயே எக்ஸ்சேஞ்ச் வச்சு நடத்துறானா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்பா."

"வாடகை குடுக்குறானா?"

2010 டிசம்பர் 22 அன்று அதே ஸ்கைப் மறுபடியும் விழுந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வாடகை கொடுக்காத எக்ஸ்சேஞ்ச் வேறென்ன செய்யும்? 2025 மே 5 அன்று ஸ்கைப்பை ஒரேயடியாக மூடினார்கள். இலாகாவில் கூட வேலை பார்த்தவர் போய்விட்ட மாதிரி, "நல்ல சர்வீஸ்தான், மேனேஜ்மென்ட் சரியில்லை" என்று ஒரு வரி இரங்கல் சொன்னார்.

ஆனால் அவரது குணத்தை முழுசாகக் காண 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை இரவுக்குப் போக வேண்டும். மணி ஒன்பதே கால். நாற்காலிகள் போட்டாயிற்று. வாட்ஸ்ஆப்பில் மகன் முகத்தைத் தொட்டார். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இணையச் சேவை நின்றால் டெலிபோன் சார்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றே: இது நம் வீட்டுக் கோளாறு. கலிஃபோர்னியாவில் தப்பு நடந்திருக்கும் என்று நினைக்கிற ஆணவம் அந்தத் தலைமுறைக்குக் கிடையாது. எனவே ரூட்டரை அணைத்துப் போட்டார். மனைவியைப் பார்த்து, "நீ எதையாவது அமுக்குனியா?" என்றார். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்தார். பால்கனிக்குப் போனார். மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தார். பிறகு வைஃபை போட்டுக் கொடுத்த பையனை அழைத்தார்.

"சார், யூட்யூப் ஓடுதா பாருங்க."

ஓடியது. கர்நாடக சங்கீதம் கணீரென்று ஓடியது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. லைன் நன்றாக இருக்கிறது, புகார் கொடுக்க வழியில்லை.

கடைசியில் படியிறங்கி எங்கள் கதவைத் தட்டினார். "உங்க வீட்ல வாட்ஸ்ஆப் வருதா?"

"இல்ல சார், வரலை."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கரண்ட் போனால் டார்ச்சைத் தேடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டைப் பார்க்கிற ஜாதி நாம். எதிர் வீடும் இருட்டாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். அவர் எங்கள் மாடி, மேல் மாடி, பக்கத்து பிளாக் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு "வரலை"க்கும் ஒரு வயது குறைந்தவராகத் திரும்பினார்.

அதற்குள் மற்ற வீடுகளில் காரியங்கள் கை மீறியிருந்தன. சி பிளாக் டெலிபோன் சார், ஆப்பையே நீக்கிவிட்டு மறுபடி போட முயன்று, பேத்தி பிறந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த படங்கள் வருமா வராதா என்று வியர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி அம்மாளுக்கோ வேறு சந்தேகம்: மருமகள் பிளாக் பண்ணிவிட்டாள். நேற்றுப் பேச்சுவாக்கில் சாம்பார் பொடியைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தார். அது முற்றி இப்படி வெடித்திருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் உலகம் பூராவும் நின்றுவிட்டன என்று டிவியில் ஓடியபோது, குற்றச்சாட்டை வாபஸ் வாங்க வேண்டிவந்ததில் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அசோசியேஷன் செயலாளர் கடமை தவறாதவர். "வாட்ஸ்ஆப் வேலை செய்யவில்லை, யாரும் பதற வேண்டாம்" என்று தட்டச்சு செய்து குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவிலேயே போட்டார். அது ஒற்றை டிக் கூட வாங்காமல் கடிகாரக் குறியோடு நின்றது. கடைசியில் வாட்ச்மேன்தான் மாடி மாடியாக ஏறித் தகவல் சொன்னார்.

நம்மவர் டெலிகிராமில் சேர்ந்தார். ஒரே நாளில் 7 கோடிக்கு மேல் புதியவர்கள் வந்ததாக டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் பிறகு அறிவித்தார். அதில் ஒருவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இவர் சேர்ந்த செய்தி, இவர் எண்ணை வைத்திருந்த டெலிகிராம்காரர்களுக்கெல்லாம் போயிற்று. பால்காரர் ஒரு கும்பிடு அனுப்பினார். ரிடையரான டிவிஷனல் இன்ஜினீயர், "என்னய்யா, இன்னும் இருக்கியா?" என்று விசாரித்தார். மகன் மட்டும் அதில் இல்லை.

இத்தனையையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏங்க, சாதாரணமா போன் பண்ணுங்களேன்."

ஹாலில் லேண்ட்லைன் இருந்தது. டிபார்ட்மென்ட் மேல் இருந்த பாசத்தால் அவர் எடுக்காமல் வைத்திருந்தது. ஆனால் யாரோ அதில் வெளிநாட்டுக்குப் பேசி பில் ஏற்றிவிடுவார்கள் என்று ஐ.எஸ்.டி.க்குப் பூட்டும் போட்டு வைத்திருந்தார். பூட்டின் எண் பழைய டைரியில். டைரி பரணில். ஸ்டூல் போட்டு, தூசி தட்டி, எண் தேடி, பூட்டைத் திறந்து, 00 1 என்று அவர் சுழற்றும்போது விரல் தானாக வட்டம் போட்டது. அது பட்டன் போன் என்பதை விரல் மறந்துவிட்டது.

மணி அடித்தது. அங்கே காலை பத்து தாண்டியிருக்கும். மகன் எடுத்த எடுப்பில், "அப்பா! யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியாவிலிருந்து சாதாரண போன் வந்தால் ஒரே அர்த்தம்தான். "ஒண்ணும் ஆகலைடா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்." "அம்மா எங்க? அம்மாகிட்ட குடுங்க." "அம்மாவும் இருக்காடா!" யாரும் சாகவில்லை என்று நிரூபிப்பதிலேயே காசு கரைந்தது. வாட்ஸ்ஆப்பில் முக்கால் மணி நேரம் வானிலை பேசுகிற மனிதர், மீட்டர் ஓடுகிறது என்றதும், "சரி, சாப்பிட்டியா, வச்சிடறேன்" என்று கணக்காக முடித்துக்கொண்டார். டிரங்க் கால் காலத்தில் ஊரே இப்படித்தான் பேசியது என்றார் பெருமையாக.

சேவை திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. நமக்கு விடியற்காலை. அடுத்த நாளே ஃபேஸ்புக் கம்பெனி விளக்கம் வெளியிட்டது. அவர் அதை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பூங்காவில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். வழக்கமான பராமரிப்பு வேலை. கம்பெனியின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு லைனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆணை போட்டார்கள். அது பார்ப்பதற்குப் பதில் மொத்த லைனையும் அறுத்துவிட்டது. தப்பான ஆணையைத் தடுப்பதற்கென்றே இருந்த மென்பொருளிலும் ஒரு பிழை, தடுக்கவில்லை. டேட்டா சென்டரை எட்ட முடியாமல் போன டி.என்.எஸ். சர்வர்கள், "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று இணையத்துக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டன. உலகத்துக்கு ஃபேஸ்புக்கின் விலாசமே மறந்துபோயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்து சரிசெய்யலாம் என்றால், அதற்கான கருவிகளும் அதே லைனை நம்பியிருந்தன.

"அப்புறம்?" என்றார் சி பிளாக்.

"அப்புறம் என்ன? டேட்டா சென்டருக்கு ஆள் அனுப்பினான். உள்ள விடுறதுக்கே செக்யூரிட்டியில நேரமாயிருக்கு. போய் மெஷின் முன்னாடி நின்னுதான் சரி பண்ணியிருக்கான்." சற்று நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரு போனது? லைன்மேன்!"

அன்று அவர் நடையில் ஒரு சுற்று கூடுதலாகப் போனார்.

அடுத்த ஆண்டு சோதனை பகலில் வந்தது. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், பிற்பகல் பன்னிரண்டரை வாக்கில் வாட்ஸ்ஆப் மறுபடியும் நின்றது. அன்று சூரிய கிரகணம் வேறு. கிரகணம் நமக்குத் தெரிந்தது மாலை ஐந்து மணிக்கு மேல்தான். ஆனால் மூன்றாம் மாடி அம்மாள், "பெரிய கிரகணத்துக்கு முன்னாடியே தோஷம் ஆரம்பிச்சிடும்" என்று தீர்ப்பளித்து, போனுக்கு ஒரு தர்ப்பைப் புல்லும் வைத்தார். இரண்டு மணி நேரத்துக்குள் வாட்ஸ்ஆப் திரும்பியது, தர்ப்பையின் மதிப்பு உயர்ந்தது. அரசாங்கம் விளக்கம் கேட்டது. தங்கள் பக்கத்துத் தொழில்நுட்பப் பிழை என்று கம்பெனி சொன்னது.

"டெக்னிக்கல் ஃபால்ட்!" நம்மவர் பரவசமானார். "இதைத்தானே நான் 198-ல உட்கார்ந்து சர்வீஸ் பூரா சொன்னேன்? அப்போ என்னைத் திட்டினீங்க. இப்போ இவன் சொன்னா கேட்டுக்கறீங்க."

இப்போது எங்கள் குடியிருப்பில் வாட்ஸ்ஆப் கொஞ்சம் முக்கினாலும் எல்லோரும் அவருடைய லேண்ட்லைனுக்குத்தான் அடிக்கிறார்கள். அவர் ஒரு நீள நோட்டில் நேரம், பிளாக், ஃபிளாட் எண், கோளாறின் தன்மை என்று கோடு போட்டு எழுதிக்கொள்கிறார். "ஃபால்ட் எழுதிக்கிட்டேன்" என்கிறார் கனிவாக. அமெரிக்காவில் யாருக்கும் அந்த நோட்டைப் பற்றித் தெரியாது. ஆனாலும் எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றதும் மனிதர்கள் சமாதானமாகிப் படுக்கப் போகிறார்கள்.

போன வாரம் மூன்றாம் மாடி அம்மாள் பண்ணியதுதான் அவருக்கு வந்த புகார்களிலேயே சிக்கலானது. நெட் நன்றாக இருக்கிறது, படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் இரண்டு நிமிஷத்தில் மருமகள் "அப்புறம் பேசறேன் அத்தை" என்று வைத்துவிடுகிறாள். இதை எழுதிக்கொள்ள முடியுமா?

அவர் பேனாவை மூடினார். "அது இன்டர்னல் வயரிங்மா. டிபார்ட்மென்ட் பொறுப்பு இல்லை."