இரண்டு ராத்திரி மகாராஜா

மூன்றாவது ராத்திரி வாடகை கட்டுப்படியாகாது என்பதால் எங்கள் அடுக்ககத்துக்காரரான இவர் எந்த அரண்மனையிலும் இரண்டு ராத்திரிதான் தங்குவார். மகாராஜா ஆவதற்கு அதுவே தாராளம். போகும்போது மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர். மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது சூரிய வம்சம்.

உதய்பூர் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வராது. ஊரை யார் பார்த்தது? அவ்வளவு வாடகை கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போவது, ஃபேனை ஓடவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. ஆகவே பிச்சோலா ஏரி நடுவிலுள்ள அரண்மனையில் இருந்த 48 மணி நேரமும், எத்தனை நாற்காலி உண்டோ அத்தனையிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"படகுல போய்த்தான் வாசப்படியே ஏறணும், தெரியுமா சார்? 1740கள்ல இரண்டாம் ஜகத் சிங் கட்டினது. இங்க எவன் வீட்டுக்குப் படகுல போறான்?"

"எங்க அக்கா வீட்டுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்துல போனோம் சார், வேளச்சேரியில."

அவர் சிரிக்கவில்லை. அரசர்கள் குடிமக்களின் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை போலிருக்கிறது.

குளியலறையிலிருந்து எடுத்து வந்த ஷாம்பு குப்பிகளை அடுக்ககம் முழுக்க விநியோகிப்பதை மன்னிக்கலாம். என்னிடம் இரவல் வாங்கிப்போன சக்கரப் பெட்டியை நாலு மாதமாகத் திருப்பித் தராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வம்சத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"1902-ல இங்கிலீஷ் ராஜா முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனோம். அந்த ஊர்த் தண்ணியை நாம தொடுவோமா? ஆளுயர வெள்ளிக் குடம் செஞ்சு, கங்கா ஜலம் நிரப்பிக் கப்பல்ல ஏத்தினோம். குடம் ஒவ்வொண்ணும் 300 கிலோவுக்கு மேல. இன்னும் ஜெய்ப்பூர்ல வச்சிருக்கோம், போய்ப் பாருங்க."

போனவர் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங். இவர் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இதைச் சொல்லி முடித்துவிட்டு, லாரித் தண்ணீரில் போட்ட எங்கள் வீட்டுக் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

ஆனால் வெள்ளிக் குடமெல்லாம் தொட்டுக்கொள்ள. சாப்பாடே மன்னர் மானியம்தான், அதாவது சமஸ்தானத்தைக் கொடுத்த ராஜாக்களுக்கு அரசாங்கம் வருஷாவருஷம் தந்துவந்த பணம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினேன். பட்டோடி நவாப் வழியாக மானியத்துக்கு வந்து சேர்ந்தார். தக்காளி விலையிலிருந்துகூட அங்கே போக அவருக்கு ஒரு குறுக்குவழி தெரியும்.

1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அன்றைக்கு இவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அந்த வருஷம் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை என்பது அவர் அம்மாவே சொன்ன தகவல். இப்போது கேட்டால், அதற்கும் இந்திரா காந்திதான் காரணம் என்பார் என்று தோன்றுகிறது.

"சமஸ்தானத்தைக் கொடுத்தப்ப எழுதி வாங்கின ஒப்பந்தம் சார். படேல் கொடுத்த வாக்கு. ஒரே கையெழுத்துல நிறுத்திட்டாங்க." குரல் கம்முகிறது. பென்ஷன் நின்றுபோன ஒருவருக்குக்கூட அவர் இத்தனை வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய சொந்த பென்ஷன் மாதாமாதம் தவறாமல் வருகிறது. அகவிலைப்படி ஏறும் அன்று மட்டும் அவர் குடியரசுக்காரர்.

"மானியத்தை நிறுத்தினதாலதானே, அரண்மனையை ஹோட்டலாக்கிக் கண்டவனையும் உள்ளே விடும்படி ஆச்சு!"

அந்தக் கண்டவன் யார் என்று நான் எப்படிச் சொல்வது? தேதியை மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனையை மகாராஜா மான் சிங் 1957-லேயே ஹோட்டலாக்கிவிட்டார். உதய்பூர் ஏரி அரண்மனை 1963-இல். மானியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலம் அது.

"பாத்தீங்களா, அதான் ராஜ பார்வை. வரப்போறது முன்னாடியே தெரிஞ்சிருக்கு நமக்கு."

ஜோத்பூர் போய்வந்த பிறகு இன்னும் முற்றிவிட்டது. உமைத் பவன் அரண்மனை, பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1929-இல் தொடங்கி 1943-இல் முடித்தது. மொத்தம் 347 அறை. "பஞ்சம் வந்தா உங்க அரசாங்கம் ரேஷன் கடை வாசல்ல நிக்க வைக்கும். நாம அரண்மனை கட்டினோம்!" என்கிறார். பசித்தவர்கள் கல் சுமந்தார்கள், கூலி வாங்கினார்கள், வாஸ்தவம். எல்லாம் முடிந்ததும் அந்த 347 அறையில் யார் போய்ப் படுத்தார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. இன்றைக்கும் ஒரு பகுதியில் அரச குடும்பம் வசிக்கிறது, ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி ஹோட்டல். அவர்கள் வீட்டுப் பஞ்சம் நிரந்தரமாகத் தீர்ந்தது.

காட்டு விடுதிக்கும் போவார். கபினியைத் தேர்ந்தெடுத்தது, மைசூர் மகாராஜாவின் வேட்டை மாளிகை அங்கே இருந்தது என்பதற்காக. இரண்டு நாளும் புலி வரவில்லை. அதைத் தரிசனத்துக்கு வராத சிற்றரசனின் திமிராகத்தான் அவரால் எடுத்துக்கொள்ள முடிந்தது. அவர் மனைவி மான், மயில், யானை எல்லாம் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தார். "அங்கதான் சார் மோர்சாதம் கேட்டதும் கிடைச்சுது" என்று தனியாக என்னிடம் சொன்னார்.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். ஏதோ ஒரு அரண்மனையில் இவர் உள்ளே நுழையும்போது மேலிருந்து ரோஜா இதழ் தூவினார்களாம். தலைப்பாகை கட்டிய ஒரு பையன் குடை பிடித்தானாம். இவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல், மழையில் கம்பம் சாய்ந்த ராத்திரியெல்லாம் திட்டு வாங்கிய மனுஷன். கரண்ட் வந்ததும் நன்றி சொல்ல யாராவது போன் செய்திருப்பார்களா? காசு கொடுத்தாவது ஒரு நாள் பூ விழட்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

அந்த இரக்கத்தை அவரே ஒரு வாரத்தில் தீர்த்துவைத்தார். எங்கள் வாட்ச்மேன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்துதான் வணக்கம் சொல்ல வேண்டுமாம்; ராஜஸ்தானில் எல்லோரும் அப்படித்தானாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற அறுபது வயதுக்காரர் அவர். அவருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, முதலில் எழுந்து எதிர்த்தவர் நம் மகாராஜா. அரண்மனையில் குடை பிடித்த பையனின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. ஜகத் சிங்கின் அப்பா பெயரைக் கேளுங்கள், தாத்தாவையும் சேர்த்துச் சொல்லுவார். இது எனக்கு வேடிக்கையாக இல்லை. வீட்டுக்கு வந்தால் குடித்த டம்ளரை, வாங்க ஆள் நிற்கிற நினைப்பில் அந்தரத்தில் நீட்டுகிறார். என் மனைவி ஒரு நாள் வாங்கவேயில்லை. ஐந்து நிமிடம் நீட்டியபடியே 26-ஆவது திருத்தத்தை விளக்கினார்.

அடுத்து அவரைச் செட்டிநாட்டுக்கு அனுப்புவதாக உத்தேசம். கானாடுகாத்தான் பக்கம் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையுமாகச் சில பெரிய வீடுகள் இப்போது தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. கட்டியவர்கள் ராஜாக்கள் அல்ல, பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த நகரத்தார். வரவு செலவு பைசா பிசகாமல் எழுதி வைத்தவர்கள். அங்கே இரண்டு ராத்திரி படுத்து எழுந்து, "நாம கணக்குல சுத்தம் சார்" என்று அவர் வந்து நின்றால், என் பெட்டி வீடு வந்து சேரும். வட்டிகூடக் கிடைக்கலாம்.