கடலுக்கு ஒரு வாட்ச்மேன்

கடலுக்கு வாசல் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போய்ப் பார்க்கவும். இடது கைப்பக்கம் முழுக்க வாசல்தான். இரும்பு வாசல், தேக்கு வாசல், ரிமோட்டில் திறக்கும் வாசல். வாசலுக்கு ஒரு வாட்ச்மேன். கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "உள்ள விடமாட்டாங்க சார்" என்கிறார். வங்காள விரிகுடா உள்ளே இருக்கிறதாம். ஓனர் வெளியூரில் இருக்கிறாராம்.

உத்தண்டியில் சுங்கம் கட்டியாகிவிட்டது. சாலைக்குப் பெயர் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடற்கரையை மட்டும் காணவில்லை.

காசு இருந்தால் காணலாம். ரிசார்ட்டில் ரூம் போட வேண்டும். தோட்டம் தெரியும் அறைக்கு ஒரு விலை, கடல் தெரியும் அறைக்கு இன்னொரு விலை. கடலை யார் இவர்களுக்கு விற்றார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் விற்கவில்லை. ஜன்னலைத்தான் விற்கிறார்கள். விளம்பரத்தில் 'பிரைவேட் பீச்' என்று போட்டிருக்கும். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சரக்கே கிடையாது. அலை ஏறி இறங்கும் மணல் அரசுடையது. அதாவது உங்களுடையது, என்னுடையது, வெளியே சுண்டல் விற்கிறவருடையது. அந்தச் சுண்டல்காரர் நம் சொத்துக்குள் காலெடுத்து வைத்தால் விசில் அடிக்கத்தான் வாட்ச்மேன்.

உள்ளே போன பிறகு நடப்பது இன்னும் வேடிக்கை. இருபதடி தூரத்தில் கடல் கத்திக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகள் அத்தனை பேரும் நீச்சல்குளத்தில் கிடக்கிறார்கள். குளத்துக்கும் புல்வெளிக்கும் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. எந்த ஊர்க் கிணற்றை உறிஞ்சி வருகிறது என்று கேட்டால் மேனேஜர் சிரிக்கிறார். அதே சாலையில், நெம்மேலியில், மக்கள் வரிப்பணத்தில் 2 ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்குகின்றன. இரண்டும் சேர்த்து நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர். சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று கடலையே காய்ச்சாத குறை. இங்கே நல்ல தண்ணீரில் குளோரின் போட்டுக் குட்டிக்கரணம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மெனுவில் முதலில் இருப்பது பாசா மீன். வியட்நாமில் மீகாங் ஆற்றோரப் பண்ணைகளில் வளர்ந்து, உறைந்து, கப்பலேறி வரும் கெளுத்தி வகை. வங்கக் கடலைப் பார்த்தபடி வியட்நாம் மீன் சாப்பிடுவதற்குத்தான் இந்தச் செலவு. வஞ்சிரம் இல்லையா என்றேன். "தடைக்காலம் சார்" என்றார் பரிமாறுகிறவர். உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருக வேண்டும், நியாயம். அந்த 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அந்த 8,000 ரூபாய்க்கு இங்கே கடல் தெரியும் அறையில் ஒரு ராத்திரி தங்கலாம். காலை டிபன் சேர்த்தி. வரி தனி.

கொஞ்சம் தள்ளிக் கோவளம். அங்கே நீலக்கொடி பறக்கிறது. 2021இல் கிடைத்தது. டென்மார்க்கில் உட்கார்ந்திருக்கும் ஓர் அமைப்பு 33 அளவுகோல்களை வைத்துப் பார்த்து, இந்தக் கடற்கரை சுத்தம் என்று சான்று தருகிறது. கொடி பறக்கும் பகுதி சுத்தமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. தமிழ்நாட்டுப் பொதுக் கழிப்பறைக்கு அதுவே ஒரு சரித்திரம். ஆனால் எல்லைக் கம்பி வரைக்கும்தான் ஐரோப்பா. கம்பிக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடற்கரையில் ஒரு துண்டைத் துடைத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்காதே என்று கொடி காட்டுகிறார்கள். கூவமும் அடையாறும் கடலுக்குள் என்ன கொண்டுவந்து கொட்டுகின்றன என்று அளக்க அந்த 33இல் இடமில்லை போலிருக்கிறது.

இந்தக் கரைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார். ஊரைப் பெருக்கினார்கள், கழுவினார்கள், வெள்ளையடித்தார்கள். 12ஆம் தேதி காலை பிரதமர் மோடி கடற்கரையில் நடந்தபடி குப்பை பொறுக்கினார். அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்கியதாக அவரே எழுதினார். அத்தனை நாள் அத்தனை பேர் பெருக்கிய பிறகும் ஒரு பிரதமருக்கு அரை மணி நேர வேலை மிச்சமிருந்தது. இதைவிட நேர்மையான சான்றிதழ் நம் நிர்வாகத்துக்கு எந்த வெளிநாட்டு அமைப்பும் தரப்போவதில்லை. அதே 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தடை அரசாணையில் இருக்கிறது. கப்பு மணலில் இருக்கிறது.

சரி, கரையோரம் இப்படிக் கட்டித் தள்ள விதி எப்படி விட்டது? விட்டது என்று சொல்லக் கூடாது. விதி பின்னாலேயே நடந்து போனது.

1981இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கரையைச் சும்மா விடுங்கள் என்றார். பத்து வருடம் யோசித்து 1991இல் அறிவிக்கை போட்டார்கள். அதில் கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டர் கட்டத் தகாத இடம். பிறகு திருத்தம். திருத்தத்துக்குத் திருத்தம். 2011இல் புதிய அறிவிக்கை. 2019 ஜனவரியில் அதற்கும் புதியது. இப்போது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கரைகளில் அந்த 200 மீட்டர் 50 மீட்டராகிவிட்டது. சுனாமி பார்த்த நாடு இது. ஜனம் நெருக்கியடித்து வாழும் இடத்தில் கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 500இல் தொடங்கிய பேச்சு 50இல் வந்து நிற்கிறது. ஒரு பூஜ்யம்தான் போயிருக்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள். தற்காலிகச் சுற்றுலாக் கொட்டகை என்றால் அலை எல்லையிலிருந்து 10 மீட்டரே போதும். நம் ஊரில் தற்காலிகக் கொட்டகைக்கு நிரந்தரக் கட்டடத்தைவிட ஆயுசு கெட்டி என்பதை டெல்லியில் யாரும் சொல்லவில்லை போலும்.

சட்டத்துக்குப் பல்லே இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இருக்கிறது. குப்பத்துப் பக்கம் திரும்பும்போது முளைக்கும்.

மெரினாவின் தெற்கு மூலையில் நொச்சிக்குப்பம். தலைமுறை தலைமுறையாக மணலில் மீன் விற்ற ஊர். அந்த மணல்மேல் சாலை போட்டார்கள். லூப் ரோடு. கார்கள் வந்தன. மீன் கூடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆக்கிரமிப்பு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி இயந்திரங்களோடு வந்து இறங்கியது. யார் வீட்டு முற்றத்தில் யார் சாலை போட்டது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ஆக்கிரமிப்பு என்ற வார்த்தை தொண்டையில் சிக்கியிருக்கும். சிக்கவில்லை.

இது புதிதல்ல. 1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களை அள்ளப் போனார்கள். கட்டுமரம் கண்ணுக்கு உறுத்தியதாம். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு. மனிதர்கள் செத்தார்கள். அழகுக்காக.

இப்போது சுடுவதில்லை. வரைபடம் போடுகிறார்கள். 2023இல் தமிழ்நாட்டின் கடலோர மேலாண்மைத் திட்ட வரைவு வந்தபோது, படகு நிறுத்தும் இடம் எங்கே, வலை பின்னும் இடம் எங்கே, மீன் காயவைக்கும் இடம் எங்கே என்று மீனவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் கத்த வேண்டியிருந்தது. வரைபடத்தில் குறிக்காத குப்பத்தை நாளைக்கு இடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அது இருந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மீனவன் வலை காயப்போட்டால் உறுத்தும் அதே கடலில் எதை வைத்தால் உறுத்தாது? பேனாவை வைத்தால். கலைஞர் நினைவாக 42 மீட்டர் உயரத்தில் பேனா, கரையிலிருந்து 360 மீட்டர் கடலுக்குள், 81 கோடி ரூபாயில். 2023இல் மத்திய அரசே அனுமதி கொடுத்தது. மேடையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு கட்சிகள் நடுக்கடலில் ஒத்துப்போயின. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மும்பைக் கடலில் சத்ரபதி சிவாஜிக்கு நினைவுச் சின்னம் எழுப்ப 2015இல் விதியைத் திருத்தியதே மத்திய அரசுதான். அடுத்த வருடம் பிரதமர் போய் ஜலபூஜை செய்தார். ஒருவர் சிலைக்குத் திறந்த கதவு, இன்னொருவர் பேனாவுக்கும் போதுமான அகலமாக இருந்தது. கருவாட்டுக்கு மட்டும் அந்தக் கதவு சின்னது.

இத்தனை சண்டையும் மணலுக்காக. அந்த மணலாவது நிலைக்கிறதா? நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே குவியும், வடக்கே அரிக்கும். இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் வைத்தார்கள். மெரினா அகன்றது. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் தெருத் தெருவாக விழுங்கியது. நூறு வருடம் கழித்து, இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு, புதுச்சேரியில் அதையே செய்தார்கள். 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர். ஊரின் பெயர்பெற்ற கடற்கரை போயே போய்விட்டது. மீந்தது பாறை. இன்றைக்கும் ஜனங்கள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து 'பீச்'சில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் அரசு பல கோடி செலவழித்துச் செயற்கைத் திட்டு போட்டு, தானே தொலைத்த மணலில் கொஞ்சத்தைத் திரும்ப வரவழைத்தது. வந்ததற்கு விளம்பரமும் செய்தது.

புதுச்சேரியைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களின் வீடுகள் இடிந்தன. அங்கேயும் கல். அரிப்பு இன்னும் வடக்கே. கல் கொட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சாலை போட்டால் குழி விழும், பாலம் கட்டினால் விரிசல் தெரியும், யாராவது படம் எடுத்துப் போடுவார்கள். கடலில் எத்தனை லோடு கொட்டியது என்று எவன் முங்கிப் பார்ப்பான்? அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் கணக்கு. மிச்சமெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

அடுத்த மழைக்கு முன்னால் எங்கோ ஒரு குப்பத்தில் இரண்டு வீடு விழும். அமைச்சர் வந்து பார்ப்பார். மதிப்பீடு தயாராகும். கல் லாரிகள் வரிசையாக வரும். ரிசார்ட் வழியாகப் போனால் கரைக்கு நேர்பாதை; வாட்ச்மேன் விட மாட்டார். குப்பத்துச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்து குறுகல். லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று இன்னும் நாலு குடிசையை எடுக்கச் சொல்வார்கள். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள்.