அம்மாயி பார்க்கும் ஆபீஸ்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் தாண்டி ஒரு மானிட்டர் உடையாமல் வந்து சேருமா என்ற கவலையில்தான் வாங்கவில்லை என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் கஞ்சத்தனம். ஹாலில் 43 அங்குல டிவி பகலெல்லாம் சும்மா கிடக்கிறது. லேப்டாப்பின் 14 அங்குலத்துக்குள் எக்செலும் மீட்டிங்கும் எதற்கு ஒண்டுக்குடித்தனம் நடத்த வேண்டும்? ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதுமே!

இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. 1977-இல் வந்த ஆப்பிள் 2, 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் போன்றவற்றை வாங்கியவர்களில் பலர் வீட்டு டிவியில்தான் மாட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்கு டிவிதான் மூத்த தாரம், மானிட்டர் இளையவள். நம் மாநிலத்தில் 2006-இல் ஒரு அரசு வீடுவீடாக 14 அங்குலக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் வந்த அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. இரண்டையும் கொள்முதல் செய்தது அதே எல்காட் நிறுவனம்தான். ஆனாலும் கொடுத்த கட்சிகளைப் போலவே இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டிவியின் முதுகில் மஞ்சள் ஓட்டை, வெள்ளை ஓட்டை; லேப்டாப்பின் விலாவில் அதற்குப் பொருந்துகிற எதுவும் இல்லை.

என் டிவி பேசியது. ஆனால் தன் பாஷையில் பேசியது. மாட்டிய உடனே டாஸ்க்பாரைக் காணவில்லை. குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் கோணல்மாணலாக இருக்கும் என்று, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் ஒளித்துவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்று பெயர். குழாய் ஒழிந்துவிட்டது, வழக்கம் ஒழியவில்லை. மெனுவுக்குள் இறங்கித் தேடினால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அதற்கு விமோசனம் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். 24 அங்குல மானிட்டரில் இவை அங்குலத்துக்கு 92 வீதம் நெருங்கி நிற்கும். 43 அங்குல டிவியில் அதே கூட்டம் 51 வீதம் காலை நீட்டி உட்கார்ந்துவிடும். படம்தான் பெரிதாகுமே தவிர இடம் பெரிதாகாது. போதாக்குறைக்கு, வழக்கமான அமைப்பில் பல டிவிகள் நிறத்தைப் புள்ளிக்குப் புள்ளி காட்டுவதில்லை. பக்கத்துப் புள்ளிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும். கதாநாயகியின் முகத்துக்கு அது போதும். எக்செலில் சிவப்பில் எழுதிய எண்ணுக்குப் போதாது. எங்கள் கம்பெனியின் நஷ்டமெல்லாம் மங்கலாகத் தெரிந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். உள்ளீட்டின் பெயரை 'பி.சி.' என்று மாற்றியதும் எழுத்து தெளிந்தது, நிம்மதி போயிற்று.

மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்து யோசித்து நகர்ந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் மெருகு போட்டுவிட்டுத்தான் டிவி வெளியே விடும். 'கேம் மோட்' போட்டால் மெருகு வேலையைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு என்று எழுதி வைத்திருப்பதுதான் ஆபீஸ் வேலைக்கு உதவுகிறது.

இத்தனையும் மெனுவில் இருக்கின்றன. டிவி யாருடையது என்பது மட்டும் எந்த மெனுவிலும் இல்லை. எங்கள் வீட்டில் அது என் அம்மாவைப் பெற்ற அம்மாயியுடையது.

பகலில் தகராறு இல்லை. சிக்கல் மழையில் வந்தது. ஐப்பசியில் சேர்வராயன் மலை சாயங்காலமானால் இருட்டிக்கொண்டு கொட்டும். டிஷ்ஷுக்கு வானத்திலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதை வழியிலேயே விழுங்கியும் சிதறடித்தும் விடும். சீரியல் அப்படியே உறைந்து, சிக்னல் இல்லை என்று எழுத்து வரும். எனக்கு வருகிற நெட் ஃபைபர் கேபிளில் வருகிறது. சில்வர் ஓக் மரம் முறிந்து மேலே விழுந்தாலொழிய அதற்கு மழையைப் பற்றிக் கவலை இல்லை. ஆக, மழை பெய்தால் எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஒரே சேனல் நான்தான்.

கேபிளை மாட்டியதும் லேப்டாப்பின் சத்தமும் தானாகவே டிவிக்குப் போய்விடும். மேனேஜர் ஹால் அதிரப் பேசுவார். அம்மாயி காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளும்.

"அந்தக் கண்ணாடி போட்ட புள்ள ஏங்கண்ணு இன்னைக்கு வரல?"

"லீவு அம்மாயி."

"நேத்து இந்த ஆளு அப்படிப் பேசுனானில்ல, பின்ன எப்படி வரும்?"

அம்மாயிக்கு எல்லாம் புரிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கிறது. ஒரே ஆட்கள் ஒரே விஷயத்தைப் பேசுகிறார்கள். முடியப்போகிறது என்கிற நேரத்தில் இன்னும் மூன்று மாதம் நீட்டுகிறார்கள். விளம்பர இடைவேளை இல்லாதது மட்டும்தான் குறை.

பக்கத்து வீட்டு ரைட்டரய்யாவும் வந்து சேர்ந்தார். காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். செடி கலெக்டருடையதாக இருக்கலாம், மலை ஓடியது ரைட்டர்கள் எழுதிய செக்ரோல் என்ற கூலிக் கணக்கில்தான் என்பது ரைட்டரய்யாவின் கட்சி. நான் எக்செலை டிவிக்கு இழுத்துவிட்டால் சோபாவிலிருந்தே மேலிருந்து கீழாக உதடு அசையக் கூட்டிக்கொண்டு வருவார். கடைசி வரியில் தலையாட்டினால் கணக்கு சரி. தலையாட்டாத நாளில் அனுப்பாமல் மறுபடி பார்ப்பேன். ஆபீஸில் இவ்வளவு கறாரான ஆடிட்டர் கிடையாது.

மழை விட்டதும் அம்மாயி ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாற்றிவிடும். லேப்டாப்புக்கு அது தெரியாது. தன் இரண்டாவது திரை இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அங்கே இழுத்துவிட்ட ஃபைல் மாமியாருக்கும் மருமகளுக்கும் பின்னால் எங்கேயோ திறந்தபடி கிடக்கும். "உங்க ஸ்கிரீனைக் காட்டுங்க" என்று மேனேஜர் கேட்பார். மருமகள் அழுது முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் காட்ட முடியும்.

கடைசியில் ஊதிய உயர்வுக் கடிதம் வந்தது. மூடும்போது ஒரு ஜன்னல் எந்தத் திரையில் இருந்ததோ, அடுத்த முறை பெரும்பாலும் அங்கேயே திறக்கும். கடிதம் 43 அங்குலத்தில் திறந்தது. அங்குலத்துக்கு 51 புள்ளி மோசம் என்றேன் அல்லவா? கூடத்தின் கடைசியிலிருந்து வாசிக்க அதைவிட வசதி வேறில்லை. ரைட்டரய்யா கண்ணைச் சுருக்கினார்.

"நாலு சதவீதமா தம்பி? எங்க எஸ்டேட்ல போனஸே 8.33க்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு சட்டமுங்க."

இது போனஸ் இல்லை, வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். வெளியே மழை விட்டிருந்தது. அம்மாயி ரிமோட்டுக்குக் கையை நீட்டியது.

"இத நிறுத்திப்போட்டு சீரியலப் போடு கண்ணு. அதுலயாவது வருசத்துக்கு ஒருக்கா நல்லது நடக்கும்."