நூறு பவுண்டு இனாம்

"நூறு பவுண்டு போடுங்கள், நூறு பவுண்டு இனாம்" என்று பிரிட்டனின் ஆன்லைன் காசினோக்கள் வாசலில் நின்று வரவேற்கும். இலை போட்டு உட்கார வைத்த பிறகுதான் நிபந்தனைகள் வரும். இனாமைப் போல 35 மடங்குக்குப் பந்தயம் கட்டினால்தான் பணத்தை வெளியே எடுக்கலாம் என்பது அங்கே வெகுகாலம் சகஜம். அதாவது 3,500 பவுண்டு.

கணக்குத் தெரிந்த ஆசாமி என்ன செய்வார்? ரூலெட்டில் சிவப்புக்குப் பத்து, கறுப்புக்குப் பத்து வைப்பார். ஐரோப்பியச் சக்கரத்தின் 37 எண்களில் 36-க்குப் போட்ட பணம் அப்படியே திரும்பிவிடும். பூஜ்யம் விழுந்தால் இருபதும் போச்சு. இப்படியே 3,500-ஐயும் உருட்டி முடித்தால் சராசரியாக 95 பவுண்டு கரையும், மிச்சம் ஐந்து. ஒரு காப்பி குடிக்கலாம்.

அந்தக் காப்பியும் காசினோவுக்குப் பொறுக்காது. 'ஆபத்துக் குறைந்த பந்தயம்' என்று அதற்குப் பெயர் சூட்டி, விதிமீறல் என்று இனாமைப் பிடுங்கிக்கொள்ளும். சூதாட வந்தவர் சூதாடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு! போதாததற்கு, ரூலெட்டில் கட்டியதில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்று சில இடங்களில் விதி. அப்போது 3,500 என்பது 35,000 ஆகிவிடும். ஸ்லாட் மெஷினுக்கு மட்டும் முழு மதிப்பு. காசினோவுக்குப் படியளக்கும் மகராசி அதுதானே.

2026 ஜனவரி முதல் பிரிட்டனில் பத்து மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. மற்ற இடங்களில் ஆடித்தான் தீருவேன் என்பவர்கள், இனாமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.