புல்லட் மெலிவியல்: பரண் கோட்பாட்டை நோக்கி

தமிழில் எடைக்குறைப்பைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் மனித உடம்பைப் பற்றியே. கொள்ளு ரசமும் வெந்தயத் தண்ணீரும் வார இதழ்களின் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, வீட்டு வாசலில் 160 கிலோவுக்கு மேல் கனத்து நிற்கும் ராயல் என்ஃபீல்ட் புல்லட்டின் உடம்பைப் பற்றி ஆய்வுலகம் அக்கறைப்படவில்லை. பட்டறைகளிலோ அன்றாடம் யாரோ ஒருவர் தம் புல்லட்டிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார். நடைமுறை இவ்வளவு வளர்ந்தும் கோட்பாடு பிறக்காத துறை இது. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. துறைக்கு மெலிவியல் என்று பெயர் வைக்கிறேன். எதிர்ப்பவர்கள் வேறு பெயரோடு வரலாம்.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துவிடுவோம். திருவொற்றியூரில் செய்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த, 346 சிசி பழைய புல்லட் மட்டுமே இங்கே ஆய்வுப் பொருள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் புலிக்கண் விளக்கு. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350 கம்பெனிக் கணக்கிலேயே 195 கிலோ. அதை இளைக்க வைப்பது இந்தக் கட்டுரையின் சக்திக்கு அப்பாற்பட்டது.

இந்த எடை வந்த கதை சுருக்கமானது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இங்கிலாந்திலிருந்து புல்லட்டுகளை வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. மலைப்பாதையில் விழுந்தாலும் எழுந்து ஓட வேண்டும் என்பதுதான் கேட்டவர்களின் நிபந்தனை. எடையைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பது கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். எந்த வகைத் துப்பாக்கி என்று அதில் விளக்கம் இல்லை. தூக்கிப் பார்த்தவர்கள் பீரங்கிப் பக்கம் சாய்கிறார்கள்.

இளைக்க வைக்கும் மரபும் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் சோதனை ஓட்டத்தை 1952-லும் 1957-லும் ஜானி பிரிட்டன் புல்லட்டில்தான் வென்றார். அந்த வகைப் போட்டி வண்டிகளில் வேண்டாததையெல்லாம் கழற்றி வீசுவது வழக்கம். நம் ஊர் மெலிவியலார் அவரைக் குலமுதல்வராகக் கொண்டாடுகிறார்கள். அவர் பாறை ஏறினார், இவர்கள் ஸ்பீடு பிரேக்கர் ஏறுகிறார்கள் என்ற வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

மெலிவியலில் மூன்று பள்ளிகள் உண்டு: கழற்றியர், துளையர், மாற்றியர்.

கழற்றியர் கொள்கை எளிது. இல்லாத உறுப்புக்கு எடை இல்லை. முதலில் லெக் கார்டு போகும். அது மட்டுமே நாலைந்து கிலோ தேறும். அப்புறம் கேரியர், செயின் கவர், இரண்டு பக்க டூல் பாக்ஸ். செலவு ஒரு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். இவர்கள் கை சாரி கார்டை நெருங்கும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. ஆகவே எந்தப் பள்ளியானாலும் சாரி கார்டைத் தொடக்கூடாது. இந்தக் கட்டுரையில் கேலி இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான்.

கழற்றியரின் வீழ்ச்சி சென்டர் ஸ்டாண்டில் நிகழ்கிறது. கனமான இரும்பு, ஓடும்போது எந்த வேலையும் செய்வதில்லை, ஆகவே தண்டம் என்பது அவர்கள் வாதம். பஞ்சர் கடை வரும் வரை இந்த வாதத்தில் ஓட்டையில்லை. கும்மிடிப்பூண்டி சாலையில் ஒரு பஞ்சர் கடையில் நான் கேட்ட உரையாடலைத் தரவாகப் பதிவு செய்கிறேன்.

"சார், டபுள் ஸ்டாண்டு போடுங்க. வீலு கழட்டணும்."

"ஸ்டாண்டு கழட்டிட்டேண்ணே. வெயிட்டு."

பஞ்சர் போடுபவர் வண்டியைச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்த்தார். "அப்ப வீலு கழட்டுறப்ப வண்டிய யாரு புடிக்கிறது?"

பிடித்தது உரிமையாளர்தான். எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் டியூப் ஒட்டி முடியும் வரை நின்றார். ஸ்டாண்டின் வேலையை ஒரு மனிதன் ஏற்றான் என்று இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கோட்பாட்டுக்கு இது தேவைப்படும்.

துளையர் மரபு ஐரோப்பியப் பந்தயக் களத்திலிருந்து வந்தது. பிரேக் லீவர், ஸ்ப்ராக்கெட், பிராக்கெட் என்று தகடு கண்ட இடமெல்லாம் டிரில் போடுவார்கள். அழகு உண்டு, மறுக்கவில்லை. கணக்கு வேறு கதை சொல்கிறது. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் போவது சுமார் 1.2 கிராம். ஒரு கிலோ இளைக்க ஏறத்தாழ 850 துளைகள். அவ்வளவு போட்டபின் கையில் இருப்பது சல்லடை, அதற்கு ஆர்.சி. புத்தகம் செல்லாது.

மாற்றியரே இன்று செல்வாக்கானவர்கள், செல்வமும் உள்ளவர்கள். ஒவ்வொரு உறுப்பையும் அதே வடிவத்தில், இலேசான பொருளில் மாற்றுவது இவர்கள் வழி. அடிப்படை அடர்த்திதான். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. இந்த மூன்று எண்களைப் பார்த்தவுடன் கண்களில் வரும் ஒளியை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைக்காரர்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

டைட்டானிய போல்ட்டை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் பருமனில்லாத எட்டு எம்எம் எஃகு போல்ட் ஒன்று, நாற்பது எம்எம் நீளத்தில், சுமார் 20 கிராம். டைட்டானியத்தில் 12 கிராமுக்குள். மிச்சம் எட்டு ஒன்பது கிராம், விலை சில நூறு ரூபாய். நூறு போல்ட் மாற்றினால் 900 கிராம் இளைக்கும். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ இருக்கும். ஆகவே நூறு டைட்டானிய போல்ட் செய்யும் வேலையை, பங்க்கில் ஒன்றேகால் லிட்டர் குறைத்துப் போடச் சொல்லியும் செய்யலாம். அதில் பணம் கையிலேயே நிற்கும். ஒரு இடைஞ்சலும் உண்டு. பழைய புல்லட்டின் நட்டு போல்ட்டுகளில் பல, ஆங்கிலேயர் காலத்து சைக்கிள் த்ரெட், விட்வொர்த் கணக்கில் வந்தவை. கடையில் கிடைக்கும் மெட்ரிக் டைட்டானியம் அவற்றில் ஏறாது. லேத் பட்டறையில் கொடுத்துத் தனியாகக் கடையச் சொன்னால் டர்னர் உங்களைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கூலி தனி.

அலுமினியப் பிரிவினருக்கு ஒரு எச்சரிக்கை. அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதே விறைப்பு வேண்டுமென்றால் பருமனைக் கூட்டவேண்டும். கூட்டினால் லாபத்தில் ஒரு பகுதி கரையும். இன்னொன்று, எஃகுக்குக் களைப்பில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் எத்தனை கோடி முறை அசைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. சின்ன அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வோ ஊரறிந்தது. மெல்லிய அலுமினிய பிராக்கெட் ஒரு நாள் நம்பர் பிளேட்டோடு விடைபெறுவதற்கு இதுவே காரணம். அதுவும் எடைக்குறைப்புதான் என்று மாற்றியர் சொல்வதை ஏற்க இயலாது.

மூன்று பள்ளிகளும் மதிக்க வேண்டிய உறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று ரிம். சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடை முன்னால் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே வேகமெடுக்கும்போது விளிம்பில் ஒரு கிலோ, ஏறத்தாழ இரண்டு கிலோவாக வேலை வாங்கும். மேலும் அது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, பள்ளத்தில் துள்ளும் எடை. ஸ்டீல் ரிம்மை அலுமினிய ரிம்மாக மாற்றி, நல்ல ஆளிடம் ஸ்போக் கட்டினால் வித்தியாசம் உட்காருபவருக்கே தெரியும். இன்னொன்று பேட்டரி. ஈயப் பேட்டரி மூன்று நாலு கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோவை ஒட்டி. இந்த இரண்டோடு நின்றுவிட்டால் புத்திசாலித்தனம். ஆனால் நிற்பவரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தத் துறைக்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது.

அடுத்து அவர்கள் கை வைப்பது ஃப்ளைவீலில். ஐடிலில் புல்லட் ஒவ்வொரு வெடிக்கும் இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல் நின்று பேசுவது அந்தக் கனமான சக்கரத்தால்தான். ஒரு வெடியில் சேர்ந்த சக்தியை அடுத்த வெடி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் கடமை. லேத்தில் கொடுத்து அதைச் சீவினால் எஞ்சின் சுறுசுறுப்பாகும். ஐடில் தடுமாறும், சத்தம் மாறும், கிக்கரும் சில காலைகளில் திருப்பி அடிக்கும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டனை மேலே கொண்டுபோய், ஒரே மிதியில் உயிர் கொடுக்கும் சடங்கைத் தெருவே நின்று பார்க்கும். அந்தப் பார்வையாளர்களை இழக்க உரிமையாளர் ஆயத்தமா என்பதை அறுவைக்கு முன் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒழுகல் முறை பற்றி ஒரு குறிப்பு. பழைய புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழும் என்பது உலகறிந்த செய்தி. அதைக் குறை என்பவர்கள் மெலிவியல் அறியாதவர்கள். யார் கையும் படாமல், இரவில், வண்டி தானே இளைக்கும் ஒரே முறை அது.

இனி தடையும் விடையும். இலேசான வண்டி வேண்டுமென்றால் யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினால் என்ன என்று ஒரு சாரார் தடை எழுப்புவர். கணக்குப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. புல்லட் 18 குதிரைத்திறன், எடை 160-க்கு மேல். கிலோவுக்கு இரண்டும் 0.11 தான். 75 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் காகிதத்தில் புல்லட் முந்துகிறது. ஏனென்றால் ஆளின் எடை சின்ன வண்டிக்குத்தான் பெரிய பங்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும் முந்துவது எது என்று தொண்ணூறுகளில் ரோட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் கியர் விகிதமும் ஃப்ளைவீலும் இல்லை என்பதே விடை. தடை கேட்டவர் வேறு வண்டி வாங்கிக்கொள்ளட்டும்.

அளவை முறையிலும் சிக்கல் உண்டு. கழற்றும் முன்பும் பின்பும் சிலர் லாரி எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குகிறார்கள். அந்த மேடைகள் பொதுவாக ஐந்து, பத்து கிலோப் படிகளில்தான் காட்டும். நூறு டைட்டானிய போல்ட் போட்டவரின் இரண்டு சீட்டிலும் ஒரே எண் இருப்பதன் மர்மம் இதுவே. ஆர்.சி.யில் அச்சான வெற்று எடையும் மாறுவதில்லை. பதிவு விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு நிற்கிறது. போலீஸ்காரர் கேட்டால் மெலிவியல் என்று சொல்லித் தப்ப முடியாது.

இப்போது மையக் கேள்வி. கழன்ற எடை எங்கே போகிறது? நான் விசாரித்த வீடுகள் எதிலும் கழற்றிய பாகம் காயலான் கடைக்குப் போகவில்லை. லெக் கார்டு, ஸ்டாண்டு, ஸ்டீல் ரிம், டூல் பாக்ஸ் எல்லாம் சாக்கில் சுற்றி, கிரீஸ் தடவி, பரணில் ஏறியிருக்கின்றன. "திருவொத்தியூர் மால், திரும்பக் கெடைக்காது" என்பது ஒருவர் சொன்ன காரணம். அவர் தாயார் அடுப்படியிலிருந்து சொன்னது வேறு: "பொங்கப்பானை எறக்கணும்னா மொதல்ல இவன் சக்கரத்த எறக்கணும். பண்டிகை நாளுல யாரு தூக்குறது?"

இதிலிருந்து பரண் கோட்பாடு பெறப்படுகிறது. ஒரு வீட்டில் புல்லட்டின் எடையும் பரணின் எடையும் சேர்ந்த கூட்டுத்தொகை கழற்றியர் வீட்டில் மாறுவதில்லை. மாற்றியர் வீட்டில் கூடுகிறது, ஏனெனில் புதிதாக வாங்கியவையும் சேர்கின்றன. பஞ்சர் கடை நிகழ்ச்சியில் ஸ்டாண்டின் பாரம் உரிமையாளரின் தோளுக்கு மாறியது இதன் துணை விதி.

வண்டியை விற்கும் நாளில் கோட்பாடு முழுமை பெறுகிறது. வாங்க வருபவர் அலுமினிய ரிம்மைத் தட்டிப் பார்ப்பார், சீட்டைத் தூக்கி லித்தியம் பேட்டரியைப் பார்ப்பார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா சார்?" இருக்கிறது என்றதும் விலை ஏறும். ஏணி வரும், சாக்கு இறங்கும், புல்லட் தன் பழைய எடைக்குத் திரும்பிப் புது வீட்டுக்குப் போகும். ரிம், பேட்டரி, டைட்டானிய போல்ட் நூறு, எல்லாம் அடுத்த புல்லட்டுக்கு உதவும் என்று அதே சாக்கில் அதே பரணுக்கு ஏறும். முன்பு அங்கே இருந்ததைவிட இவை பல கிலோ குறைவு. இத்துறையில் இதுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட எடைக்குறைப்பு இது ஒன்றுதான். அது பரணுக்கு நிகழ்ந்தது.